கோஹாவை விடுவதா, ஈஆர்பியோடு இணைப்பதா? ஒரு கல்லூரி நூலகரின் கேள்விக்கு விரிவான பதில்

இராமநாதபுரம் கடற்கரைப் பகுதியில் உள்ள ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியின் நூலகராக நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். நூலகம் சில ஆண்டுகளாகக் கோஹா என்ற நூலக மென்பொருளில் ஓடுகிறது. சேர்க்கை, கட்டணம், வருகைப்பதிவு, விடுதி, தேர்வு எல்லாவற்றுக்கும் சேர்த்து நிர்வாகம் இப்போது ஈஆர்பி என்ற ஒருங்கிணைந்த மென்பொருள் ஒன்றை வாங்குகிறது. அதை விற்கும் நிறுவனத்தார், தங்களிடமே நூலகப் பிரிவும் இருப்பதால் கோஹாவைக் கைவிட்டுவிடலாம், எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் என்கிறார்கள். கைவிடுவதா, இணைப்பதா, இணைப்பதென்றால் எதில் தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

கைவிட வேண்டாம் என்பதே என் பதில். இரண்டையும் இணைக்கலாம், ஆனால் விற்பனைப் படங்களில் காட்டுவதைப் போல எல்லாத் திசையிலும் அம்புக்குறி போட்டு இணைக்க வேண்டிய தேவை இல்லை. மாணவர் பட்டியல் ஈஆர்பியிலிருந்து நாள்தோறும் நூலகத்துக்கு வர வேண்டும். ஒரு மாணவருக்கு நூலகத்தில் நிலுவை இருக்கிறதா இல்லையா என்ற செய்தி நூலகத்திலிருந்து ஈஆர்பிக்குப் போக வேண்டும். இந்த இரண்டு வேலைகளும் ஒரு கல்வியாண்டு முழுக்கப் பழுதின்றி நடக்கும்படி செய்துவிட்டு, மற்றவற்றைப் பிறகு எடுத்துக்கொள்வதுதான் இந்தப் பகுதிக் கல்லூரிகளின் ஆள்பலத்துக்கும் பணவசதிக்கும் ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

கோஹாவை ஏன் கைவிடக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிர்வாகக் கூட்டத்தில் உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக 1999-இல் எழுதப்பட்டு, 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த கட்டற்ற மென்பொருள் அது. ஒவ்வொரு நூலையும் மார்க் 21 என்ற பொதுத் தரத்தில் பதிகிறது. அதனால் வேறொரு பெரிய நூலகம் செய்து வைத்திருக்கும் பதிவை இசட்39.50 என்ற பரிமாற்ற நெறிமுறை வழியாக எடுத்துக்கொள்ள முடிகிறது; நாளை நீங்கள் வேறு மென்பொருளுக்கு மாற நேர்ந்தாலும் அதே பதிவுகளை அப்படியே கொண்டுபோக முடிகிறது. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் என்ற நூலக வலையமைப்பு மையத்தின் 'சோல்' நூலக மென்பொருளும் இதே தரத்தைப் பின்பற்றுவதுதான். ஈஆர்பிகளோடு சேர்ந்து வரும் நூலகப் பிரிவுகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் தலைப்பு, ஆசிரியர், விலை, நூலின் சேர்க்கை எண் என்று நாலைந்து கட்டங்களோடு நின்றுவிடுகின்றன. பல ஆண்டு உழைப்பில் நீங்கள் பதிந்த பொருள் தலைப்புகளும் வகைப்பாட்டு எண்களும் அந்தக் கட்டங்களுக்குள் அடங்காமல் உதிர்ந்துபோகும். ஈஆர்பி ஒப்பந்தம் முடிந்து நிர்வாகம் வேறு நிறுவனத்துக்கு மாறினால், நூலகமும் கூடவே வீடு மாற வேண்டியிருக்கும். தொடங்கி ஓராண்டே ஆன, புத்தகங்கள் மிகக் குறைவாக உள்ள ஒரு கல்லூரி இதே கேள்வியைக் கேட்டிருந்தால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டேன்.

இனி இணைப்பு. நிரல் எழுதுபவரைக் கூப்பிடுவதற்கு முன்னால், சேர்க்கைப் பிரிவு, கணக்குப் பிரிவு, தேர்வுப் பிரிவு, விடுதிக் காப்பாளர் ஆகியோரோடு நீங்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து, எந்தத் தகவலுக்கு எந்த அலுவலகம் பொறுப்பு என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ள வேண்டும். மாணவரின் பெயர், துறை, சேர்ந்த ஆண்டு ஆகியவை சேர்க்கைப் பிரிவின் பொறுப்பு. அவற்றில் பிழை இருந்தால் அங்கேதான் திருத்த வேண்டுமே தவிர, நூலகக் கவுன்டரில் உட்கார்ந்து கோஹாவில் திருத்தக் கூடாது, திருத்தினாலும் மறுநாள் காலையில் பழைய பிழையே திரும்பி வந்து நிற்கும். நூலகக் காப்புத் தொகை கணக்குப் பிரிவுடையது. எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது, எவ்வளவு அபராதம் என்பது நூலகத்துடையது. அதை வேறு யாரும் மாற்ற முடியக் கூடாது. கைப்பேசி எண்ணில்தான் வழக்கமாகத் தகராறு வரும். சேரும்போது கொடுத்த எண் தகப்பனாருடையதாக இருக்கும். அவர் கடலுக்குள் இருக்கும்போது நினைவூட்டல் குறுஞ்செய்தி அவருக்குப் போய்ப் பயனில்லை. ஆகவே மாணவரின் சொந்த எண்ணுக்கென்று தனிக் கட்டம் ஒன்றை ஈஆர்பியிலேயே கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, இரண்டு மென்பொருள்களும் ஒரே ஆளைப் பற்றித்தான் பேசுகின்றன என்பதை எந்த எண்ணை வைத்து அறிவது என்பது. பெயரை வைத்து ஒருபோதும் பொருத்தக் கூடாது. நம் பக்கத்தில் ஒரே வகுப்பில் இரண்டு முனியசாமிகளும் மூன்று காளீஸ்வரிகளும் இருப்பது சாதாரணம். கீழக்கரை, ஏர்வாடி, தொண்டிப் பக்கத்துப் பிள்ளைகளின் பெயரில் வரும் முகமது என்பதை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறார்கள், அதுவும் ஒரே மாணவரின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருக்கும். தலைப்பெழுத்து முன்னால் வருவதும் பின்னால் வருவதும் தனிக் குழப்பம். பெயர் ஆகாதென்றால் அண்ணா பல்கலைக்கழகப் பதிவெண் இருக்கிறதே என்று பலர் அதை எடுத்துக்கொள்கிறார்கள். முதல் நான்கு இலக்கங்கள் கல்லூரிக்கும், அடுத்த இரண்டு சேர்ந்த ஆண்டுக்கும், அடுத்த மூன்று பாடப்பிரிவுக்கும், கடைசி மூன்று வரிசைக்குமாக அமைந்த அந்தப் பன்னிரண்டு இலக்க எண் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் அது மாணவர் சேர்ந்து பல வாரங்கள் கழித்துத்தான் கைக்கு வருகிறது, நூலக அட்டையோ முதல் வாரத்திலேயே தேவைப்படுகிறது. ஆகவே சேரும் நாளிலேயே கல்லூரி கொடுக்கும் அட்மிஷன் எண்ணையே கோஹாவின் அட்டை எண்ணாக வையுங்கள். பதிவெண்ணும் மாநில அரசின் மாணவர் தகவல் அமைப்பான யூமிஸ் தரும் எண்ணும் வந்த பிறகு கூடுதல் விவரங்களாகச் சேரட்டும். ஆதார் எண் நூலகத்துக்குள் வரவே கூடாது. அடையாள அட்டை அச்சிடும் கடைக்குக் கோப்பு போவதற்கு முன்னால் இந்த முடிவு எடுக்கப்பட்டிருக்க வேண்டும், ஏனென்றால் பார்கோடில் எந்த எண் அச்சாகிறதோ அதுதான் அடுத்த நான்கு ஆண்டுகளுக்கும் உங்கள் எண்.

பட்டியல் எப்படி வர வேண்டும் என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம், ஏனென்றால் இந்த வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். சேர்க்கைப் பிரிவில் ஒருவர் ஈஆர்பியிலிருந்து பட்டியலை இறக்கி, எக்செலில் திறந்து, துறைப் பெயரைக் கொஞ்சம் திருத்தி, சிஎஸ்வி என்ற எளிய உரைக் கோப்பாகச் சேமித்து உங்களுக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினோரு இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணை எக்செல் இயல்பாகவே அறிவியல் குறியீட்டு வடிவத்தில்தான் திரையில் காட்டும். சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது திரையில் தெரிந்த அந்த வடிவமே கோப்புக்குள் போகும். பன்னிரண்டு இலக்கப் பதிவெண்ணில் முதல் ஆறு மட்டும் மிஞ்சி, மற்றவை அழிந்துவிடும். அந்த முதல் ஆறு என்பது கல்லூரிக் குறியீடும் சேர்ந்த ஆண்டும்தானே. ஆக, ஓர் ஆண்டு சேர்ந்த மாணவர் அத்தனை பேரும் ஒரே எண்ணுக்குள் அடைந்துவிடுவார்கள். தேதியிலும் இதே தொல்லை உண்டு: 03/07/2025 என்பதை ஒரு கணினி ஜூலை மூன்று என்று படிக்கும், இன்னொன்று மார்ச் ஏழு என்று படிக்கும். எனவே இடையில் எவரும் கோப்பைத் திறக்காமல், ஈஆர்பியே இரவில் உருவாக்கி ஓர் இடத்தில் வைக்க, கோஹா அதை எடுத்துக்கொள்ளும்படி அமைக்க வேண்டும். தேதிகள் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையிலேயே இருக்க வேண்டும். கோஹாவின் உறுப்பினர் இறக்குமதிக் கருவி அட்டை எண்ணை வைத்துப் பொருத்திப் பார்த்து, ஏற்கெனவே இருப்பவரைப் புதுப்பிக்கும், இல்லாதவரைச் சேர்க்கும். கோப்பில் இடம்பெறாத பத்திகளை அது தொடுவதில்லை. ஆகவே நூலகம் பொறுப்பேற்கும் விவரங்களுக்கும் கடவுச்சொல்லுக்கும் உரிய பத்திகளை அந்தக் கோப்பில் வைக்காமலே விட்டுவிடுங்கள்.

கோப்பு பழைய முறை, ஒரு மென்பொருள் மற்றொன்றிடம் நேராகக் கேட்டுப் பெறும் ஏபிஐ வழியாக உடனுக்குடன் இணைக்கலாமே என்று நிறுவனத்தார் சொல்லக்கூடும். மாணவர் பட்டியலைப் பொறுத்தவரை நாளுக்கு ஒருமுறை வரும் கோப்பே போதும், அதுவே இங்கே பாதுகாப்பானதும்கூட. ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரமும் இணையமும் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாத கடற்கரையில், நேற்று வராத கோப்பு இன்று வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற அமைப்புக்கு ஈடு இல்லை. முழுப் பட்டியலும் ஒவ்வொரு நாளும் வருவதால் விட்டுப்போனது தானாகவே நிரம்பிவிடும். நிலுவையைக் கேட்பதற்கு மட்டும் கோஹாவின் ரெஸ்ட் ஏபிஐ பொருத்தமானது, அதைப் பின்னால் சொல்கிறேன். ஒரு வழியை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் ஏற்காதீர்கள்: கோஹாவின் தரவுத்தளக் கடவுச்சொல்லைக் கொடுங்கள், நாங்களே நேராக எழுதிக்கொள்கிறோம் என்பது. கோஹாவின் புதிய பதிப்பு ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்திலும் நவம்பரிலும் வெளிவருகிறது. பதிப்பு மாறும்போது உள்ளே அட்டவணைகளும் மாறக்கூடும். நேராக எழுதும் நிரல் அப்போது முறியும், அல்லது முறியாமலேயே தவறான இடத்தில் எழுதிக்கொண்டிருக்கும், இரண்டாவது முதலாவதைவிட மோசம். கேட்பதற்கு ஏபிஐ, கொடுப்பதற்குக் கோப்பு என்று பிரித்துவிட்டால், எந்தப் பக்கம் பதிப்பு மாறினாலும் மறுபக்கம் நிம்மதியாக இருக்கும்.

பட்டியலில் சேர்பவர்களைப் பற்றி எல்லாரும் யோசிக்கிறார்கள், நீங்குபவர்களைப் பற்றி யோசிப்பதில்லை. ஒரு மாணவர் இடையில் படிப்பை விட்டுவிட்டால் மறுநாள் கோப்பில் அவர் பெயர் இருக்காது. இல்லாத பெயரை வைத்துக் கோஹா எதுவும் செய்யாது, அவருடைய அட்டை நான்காண்டு முடியும் வரை உயிரோடு இருக்கும். ஆகவே நீங்கியவரையும் 'நீங்கினார்' என்ற குறிப்போடு குறைந்தது ஒரு மாத காலத்துக்குப் பட்டியலில் தொடர்ந்து அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்து அட்டையின் காலாவதித் தேதியை நீங்கள் முன்னுக்கு இழுத்துவிடலாம். அட்டையை அழித்துவிடக் கூடாது, ஏனென்றால் அவர் கையில் உங்கள் புத்தகம் இருக்கலாம். பி.இ. முடித்து அதே கல்லூரியில் எம்.பி.ஏ. சேருபவருக்குப் புதிய அட்மிஷன் எண் வரும். பழைய கணக்கை முடித்துவிட்டுப் புதிய அட்டை கொடுப்பதே நல்லது. ஆசிரியர்களுக்கும் இதே முறைதான், அவர்கள் பட்டியல் ஊதியப் பிரிவிலிருந்து வரும் என்பது ஒன்றே வேறுபாடு.

இனி நிலுவை. மே மாதத்தில் தங்கச்சிமடத்திலிருந்தோ சாயல்குடியிலிருந்தோ பேருந்தேறி வரும் மாணவி, நோ டியூஸ் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு துறை, ஆய்வகம், விடுதி, உடற்கல்வி, கணக்கு, நூலகம் என்று ஒவ்வொரு வாசலிலும் நிற்கிறார். ஓர் அலுவலர் விடுப்பில் இருந்தால் டிசி வாங்க இன்னொரு நாள் வர வேண்டும், இன்னொரு நாள் பேருந்துக் கட்டணம். இணைப்பினால் மாணவர்களுக்கு நேராகக் கிடைக்கும் மிகப் பெரிய நன்மை இந்த அலைச்சல் ஒழிவதுதான் என்பதால், இதில் காட்டும் அக்கறையை வேறு எதிலும் காட்ட வேண்டியதில்லை. ஈஆர்பி அட்டை எண்ணைக் கொடுத்துக் கோஹாவிடம் இரண்டே கேள்விகளைக் கேட்க வேண்டும்: இவரிடம் எத்தனை புத்தகங்கள் இருக்கின்றன, எவ்வளவு தொகை பாக்கி. இரண்டும் சுழியம் என்றால் நூலகக் கட்டம் பச்சையாகிவிடும், கையெழுத்து வேண்டியதில்லை. இந்தக் கேள்விகளுக்குத் தேவையான குறைந்தபட்ச அனுமதி மட்டும் உள்ள தனிக் கணக்கு ஒன்றை ஈஆர்பிக்கென்று கோஹாவில் உருவாக்குங்கள். வரிசையும் முக்கியம்: மாணவர் விண்ணப்பித்தவுடன் முதலில் அவருடைய அட்டையில் புதிதாகப் புத்தகம் வழங்குவதற்குத் தடை விழ வேண்டும், அதற்குப் பிறகுதான் நிலுவையைப் பார்க்க வேண்டும். மாற்றிச் செய்தால், காலையில் பாக்கி இல்லை என்று சான்று வாங்கியவர் மதியம் புத்தகம் எடுத்துப் போக முடியும். புத்தக வங்கித் திட்டத்தில் பருவம் முழுவதற்கும் கொடுத்த நூல்களையும், துறை நூலகங்களில் கொடுத்தவற்றையும் கோஹாவில் பதியாமல் தனி நோட்டில் வைத்திருந்தால், பச்சைக் கட்டத்துக்கு அர்த்தம் இருக்காது. அவற்றை முதலில் உள்ளே கொண்டுவாருங்கள்.

இந்த இடத்தில் நான் நூலகர்களிடமும் முதல்வர்களிடமும் எப்போதும் வற்புறுத்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நிலுவைச் செய்தி ஈஆர்பிக்குப் போய்விட்டால், அதை ஹால் டிக்கெட்டோடு கட்டிவிடலாம் என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். நிரலில் அது ஒரு வரி வேலைதான். அந்த வரியை எழுத விடாதீர்கள். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். பருவத் தேர்வும் டிசி வாங்கும் காலமும் இதற்குள்தான் வருகின்றன. இராமேசுவரம், பாம்பன், மண்டபம் பக்கத்துப் படகுத் தொழிலாளர் வீட்டில் வருமானம் நின்றிருக்கும் அந்த இரண்டு மாதத்தில், நாற்பது ரூபாய் அபராதத்துக்காக ஓர் இயந்திரம் ஒரு பிள்ளையின் தேர்வை மறுப்பது நியாயமே இல்லை. ஒரு மனிதர் கவுன்டரில் இருந்தால் முகத்தைப் பார்த்து விடுவார், கணினி விடாது. புத்தகம் திரும்பி வருவதுதான் நூலகத்துக்குத் தேவை. ஆகவே நினைவூட்டல்களைப் பிப்ரவரி, மார்ச்சிலேயே தொடங்குங்கள். ஹால் டிக்கெட்டை விட்டுவிட்டு டிசியோடு மட்டும் நிலுவையைச் சேர்த்துவிடுங்கள். குறிப்பிட்ட தொகைக்குக் கீழுள்ள அபராதத்தைத் தள்ளுபடி செய்யும் உரிமையை நூலகர் கையில் எழுத்துபூர்வமாக வாங்கி வையுங்கள். அன்றாட அபராதத்தை ஒவ்வொன்றாகக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பவும் வேண்டியதில்லை, நாள் முடிவில் மொத்த வசூல் ஒரே எண்ணாகப் போனால் போதும்.

அபராதத்தோடு ஒட்டிய இன்னொரு சிறிய இணைப்பு பலரும் மறப்பது: விடுமுறை நாட்காட்டி. கோஹாவில் நூலகம் மூடிய நாட்களைக் குறித்து வைத்தால் அந்த நாட்களை அபராதக் கணக்கிலிருந்து விலக்கும்படி அமைக்கலாம். அரசு விடுமுறைகளை ஆண்டின் தொடக்கத்திலேயே ஏற்றிவிடலாம். ஆனால் ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறையும், வடகிழக்குப் பருவமழையில் காலை ஆறு மணிக்கு அறிவிக்கப்படும் மழை விடுமுறையும் அப்படி முன்கூட்டித் தெரிவதில்லை. கல்லூரி அலுவலகம் ஈஆர்பியில் விடுமுறை என்று குறித்தவுடன் அது நூலகத்துக்கும் தகவலாக வந்து, உங்கள் உதவியாளர் அன்றே கோஹாவில் குறித்துவிட வேண்டும். இதைத் தானியங்கியாகச் செய்ய முடிந்தால் நல்லது, முடியாவிட்டாலும் பாதகமில்லை.

மின்னிதழ்களை மாணவர்கள் வீட்டிலிருந்து படிப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் மதிப்பில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்களை மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடுகிறது. சுயநிதிக் கல்லூரி என்பதால் அது உங்களுக்கு இப்போது பொருந்தாது. நீங்கள் சொந்தமாகச் சந்தா கட்டும் இதழ்களுக்குத்தான் வழி பார்க்க வேண்டும். ஆனால் இருவருக்கும் தொழில்நுட்பச் சிக்கல் ஒன்றுதான். வளாகத்துக்குள் ஐபி முகவரியை வைத்துப் பதிப்பகத்தார் அனுமதிக்கிறார்கள். வளாகத்துக்கு வெளியே போனால் இவர் இன்னார் கல்லூரியின் மாணவர்தான் என்று கல்லூரியே சாட்சி சொல்ல வேண்டும். தொண்டியில் உள்ள அழகப்பா பல்கலைக்கழக வளாகத்தைப் போன்ற ஓரிடத்தில் கடலியல் படிக்கும் மாணவர், பாக் விரிகுடாக் கரையில் களப்பணி முடித்து இரவு அறைக்குத் திரும்பிய பிறகு கட்டுரை தேடும்போது அவருக்குத் தேவைப்படுவது அந்தச் சாட்சிதான். இன்ஃப்ளிப்நெட் நடத்தும் 'இன்ஃபெட்' என்ற கூட்டமைப்பு ஷிபொலெத் என்ற மென்பொருளைக் கொண்டு இதைச் செய்கிறது. அதில் சேரக் கல்லூரியில் ஒழுங்கான பயனர் அடைவு, அதாவது உள்நுழைவோரின் மின்பதிவேடு, இருக்க வேண்டும், அந்த அடைவில் இன்று படிப்பவர் மட்டுமே இருக்க வேண்டும். மேலே சொன்ன நாள்தோறும் வரும் பட்டியல் சரியாக இருந்தால் அதே பட்டியலிலிருந்தே அடைவும் உருவாகும், கோஹாவும் அதே கடவுச்சொல்லை ஏற்கும்படி எல்டாப் என்ற அடைவு நெறிமுறை வழியாக அமைத்துக்கொள்ளலாம். பட்டியல் சரியில்லையென்றால் இப்படி ஒரே கடவுச்சொல்லில் எல்லாம் திறக்கும் ஒற்றை உள்நுழைவு பற்றிப் பேசுவதே வீண்.

தமிழ் நூல்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. உங்கள் கல்லூரியில் தமிழ் நூல்கள் குறைவாக இருக்கலாம், ஆனால் பொதுத் தேடலில் முதலில் உடைவது அவைதான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் பதியப்பட்ட தலைப்புகள் வேறு கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்; அவற்றை யூனிகோடுக்கு மாற்றாமல் எங்கும் அனுப்பக் கூடாது. யூனிகோடிலும் ஒரு மறைவான சிக்கல் உண்டு. தொண்டி என்ற ஊர்ப்பெயரின் முதல் எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், தேடும்போது ஒன்றுக்கு மற்றது அகப்படாது. ஔகாரத்தில் அதற்குரிய குறிக்குப் பதில் ளகரத்தைத் தட்டுவதும் இப்படித்தான், ஆனால் அதைத் தனியாகத் தேடித்தான் திருத்த வேண்டும். ஒகரக் குறியின் இரண்டு வடிவங்களையும் ஒரே முறைக்குக் கொண்டுவரும் நிரல் ஏற்கெனவே பெரும்பாலான கணினி மொழிகளில் இருக்கிறது. பதிவுகளை வெளியே அனுப்பும் முன் ஒருமுறை அதன் வழியாக ஓடவிடச் சொல்லுங்கள்.

ஈஆர்பிக்குப் போகக் கூடாதது ஒன்று உண்டு, அது வாசிப்பு வரலாறு. யார் என்ன படிக்கிறார் என்பதைத் துறைத் தலைவரோ விடுதிக் காப்பாளரோ பெற்றோரோ திரையில் தட்டிப் பார்க்க முடிகிற நாளில், மன உளைச்சல் பற்றியோ மதம் பற்றியோ உடல்நலம் பற்றியோ ஒரு புத்தகத்தைக் கேட்டு எடுக்கும் துணிவு ஒரு மாணவிக்கு இருக்காது. உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் நூலகப் பயன்பாட்டைக் கேட்கிறார்கள் என்பதை ஒரு காரணமாகச் சொல்வார்கள். அங்கே கேட்கப்படுவது மொத்த எண்ணிக்கை, பெயரும் தலைப்பும் இல்லை. திரும்பி வந்த புத்தகத்துக்கும் எடுத்தவருக்கும் உள்ள தொடர்பைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழித்துவிடும் வசதி கோஹாவிலேயே இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் குழந்தைகள் என்றே கொள்கிறது. உங்கள் முதலாண்டு வகுப்பில் 17 வயதுப் பிள்ளைகள் பலர் இருப்பார்கள் என்பதையும் நிர்வாகத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

மூடில் என்ற இணையவழிக் கற்பித்தல் தளத்தில் பாடத்துக்கு உரிய நூல் பட்டியலைக் கோஹா இணைப்போடு தருவது, ஆய்வேடுகளை டிஸ்பேஸ் என்ற மின்களஞ்சிய மென்பொருளில் சேர்த்துத் தேடலோடு இணைப்பது, நுழைவாயிலில் அட்டையைக் காட்டி வருகையைப் பதிவது, புத்தகத்தில் ஒட்டிய சில்லை வானலையால் படிக்கும் ஆர்எஃப்ஐடி பெட்டியைச் சிப்2 நெறிமுறை வழியாக இணைப்பது ஆகியவையெல்லாம் செய்யக்கூடியவை, சிலவற்றை நீங்களே ஒரு பிற்பகலில் செய்துவிடலாம். ஆர்எஃப்ஐடி பற்றி மட்டும் ஒரு வார்த்தை: உப்புக்காற்றில் வாயிற்கம்பங்களின் இணைப்பு முனைகள் அரித்துப்போகும், பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் ஒதுக்காமல் வாங்க வேண்டாம்.

அதே காற்றும் மழையும் சர்வருக்கும் உண்டு. கோஹாவை வழக்கமான தொகுப்பு முறையில் நிறுவியிருந்தால் அது நாள்தோறும் காப்புப் பிரதியைத் தானாக எடுத்துக்கொள்ளும், ஆனால் அந்தப் பிரதி அதே இயந்திரத்திலேயே கிடக்கும். அதைக் கல்லூரிக்கு வெளியே, மாவட்டத்துக்கு வெளியே ஓரிடத்துக்கு ஒவ்வோர் இரவும் அனுப்புங்கள். அக்டோபர் பிறப்பதற்குள் அந்தப் பிரதியை வேறொரு கணினியில் விரித்துப் பார்த்து, புத்தகமும் உறுப்பினரும் சரியாக வருகின்றனவா என்று சோதியுங்கள். இணையம் இல்லாத நாளில் ஈஆர்பி எட்டாவிட்டாலும் கவுன்டரில் புத்தகம் கொடுக்கவும் வாங்கவும் முடிய வேண்டும். நூலகத்தின் அன்றாட வேலை எதுவும் ஈஆர்பி உயிரோடு இருப்பதை நம்பியிருக்கக் கூடாது.

கடைசியாக ஒப்பந்தம். வாங்குவதற்கு முன்னால்தான் நிறுவனத்தார் எதற்கும் சம்மதிப்பார்கள், வாங்கிய பிறகு ஒவ்வொரு பத்திக்கும் தனி விலை சொல்வார்கள். ஆகவே இப்போதே நான்கு வாக்கியங்களை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்: மாணவர், ஆசிரியர் பட்டியலை நூலகம் கேட்கும் வடிவில் ஒவ்வோர் இரவும் கூடுதல் கட்டணமின்றித் தருவோம், நிலுவையைக் கோஹாவின் ஏபிஐ வழியாகவே கேட்போம், தரவுத்தளத்தைத் தொடமாட்டோம், ஒப்பந்தம் முடியும்போது எல்லாத் தரவையும் திறந்த வடிவில் திருப்பித் தருவோம். கோப்பில் எந்தப் பத்தி எந்த வரிசையில், எந்தத் தேதி வடிவில் இருக்க வேண்டும் என்பதற்கு உண்மை மாணவர் பெயர்கள் இல்லாத பத்து வரி மாதிரி ஒன்றை நீங்களே தயாரித்து, அதை ஒப்பந்தத்தின் பிற்சேர்க்கையாக வைத்து, அதன் ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள்.